'அவன்' வேண்டாம், ஃப்ரீசர் போதும்!

லேடீஸ் ஹாஸ்டலுக்குள்ள 'அவன்' வரக் கூடாதுங்கிறது எல்லா ஊர்லயும் இருக்கற சட்டம். பாய்ஸ் ஹாஸ்டல்லயும் 'அவன்' கிடையாது. கேக் சுடற 'அவன்'ஐத்தான் சொல்றேனுங்க! நீங்க வேற யாரையாவது நினைச்சிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை. அவன் மட்டுமா? அயர்ன் பாக்ஸைத் திருப்பி வெச்சு அப்பளம் சுடற விஞ்ஞானிகளைக்கூட வார்டன் மோப்பம் பிடிச்சுடறாங்க. அதனால இந்த வாரம் அடுப்பே இல்லாத ஐட்டம். தீ வேண்டாம், புகை வேண்டாம். மெஸ் ஃப்ரிட்ஜ்ல ஒரு ஓரம் இடம் பிடிச்சாப் போதும்.

யாருக்காவது பர்த்டேன்னா என்ன நடக்குது? ஆளுக்கு இவ்வளவுன்னு கலெக்‌ஷன் போட்டு, பேக்கரியில ஒரு கிலோ கேக் வாங்கறோம். பாதி முகத்துல, கால்வாசி சட்டையில, மிச்சம்தான் வாயில! அந்தக் காசு எங்கிருந்து வருதுன்னு திருப்பூர் பசங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லீவு நாள்ல பனியன் கம்பெனியில செக்கிங், பேக்கிங்னு கால் கடுக்க நின்னு, சனிக்கிழமை சம்பளத்துல எடுத்து வெச்ச காசு. நாள் முழுக்க டி-ஷர்ட் மடிச்ச கூலியை ஒரே நிமிஷத்துல இன்னொருத்தன் மூஞ்சியில பூசணுமா? ஐஸ்க்ரீம்ல செஞ்ச கேக்குன்னா அந்தப் பிரச்னையே இல்லை. உருகறதுக்குள்ள வாயில போடணும்கிற அவசரத்துல பூசறதுக்கு எவனுக்கும் நேரம் இருக்காது.

முதல்ல கடைக்குப் போவோம். வெனிலா ஃபேமிலி பேக் ஒண்ணு. கையில எடுத்ததும் விலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி பேரைப் படிங்க. 'ஐஸ்க்ரீம்'னு போட்டிருந்தா அதுல குறைஞ்சது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்கணும்னு விதி. 'ஃப்ரோஸன் டெசர்ட்'னு போட்டிருந்தா, பால் கொழுப்புக்குப் பதிலா தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம். அது விஷமெல்லாம் இல்லை. ஆனா எதுக்குக் காசு குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுக்கணுமில்ல?

இன்னொரு விஷயம். ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம்னா ஒரு கிலோ இல்லீங்க! லிட்டருக்கு 525 கிராமுக்குக் குறையக் கூடாதுங்கிறதுதான் விதி. மிச்ச இடத்துல இருக்கறது காத்து. சிரிக்காதீங்க, அந்தக் காத்துதான் ஐஸ்க்ரீமோட உயிர். காத்து அடிச்சுக் கலக்கறதாலதான் அது நாக்குல பஞ்சு மாதிரி நிக்குது. முழுசா உருக விட்டா காத்து போயிடும். அப்புறம் என்னதான் ஃப்ரீசர்ல வெச்சாலும் கல்லு மாதிரிதான் வரும். அதனால நம்ம ரெசிபிக்கு ஐஸ்க்ரீமை உருக்கக் கூடாது, இளக்கணும். வெளியில எடுத்து வெச்சு, ஸ்பூன் சுலபமா இறங்கற பதம் வந்ததும் வேலையை ஆரம்பிச்சுடணும். வெயில் காலத்துல அஞ்சு நிமிஷமே ஜாஸ்தி.

இப்போ ஹீரோ என்ட்ரி. ஸ்ட்ராபெரி ஜெல்லி, இறக்குமதி பெர்ரின்னு எல்லாம் தேடி அலைய வேண்டாம். தாராபுரம் வழியா பஸ் ஏறினா பழனி. பழனின்னா பஞ்சாமிர்தம்! மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கல்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்காம செய்யறது. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பார்ட்டி. இதைவிட நல்ல 'ஃப்ரூட் டாப்பிங்'கை எந்த நாட்டுக்காரன் டப்பாவுல அடைச்சு விக்கறான், சொல்லுங்க பார்ப்போம்!

ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்துக்கோங்க. பிளாஸ்டிக்கைவிட சில்வர் சீக்கிரம் குளிரும். உள்ளே பட்டர் பேப்பரை விரிச்சு, ஓரம் ரெண்டு பக்கமும் வெளியே நீட்டிட்டு இருக்கற மாதிரி விடுங்க. பின்னால கேக்கைத் தூக்கி எடுக்க அதுதான் கைப்பிடி. அடியில மேரி பிஸ்கட்டை நெருக்கி அடுக்குங்க. இடைவெளியில உடைச்ச துண்டுகளைச் சொருகுங்க. மேல பாதி ஐஸ்க்ரீமைப் பரப்புங்க. அதுக்கு மேல பஞ்சாமிர்தம், கெட்டியாப் பூசாதீங்க, மெல்லிசா ஒரு லேயர். மறுபடி மிச்ச ஐஸ்க்ரீம். கடைசியா பிஸ்கட் மூடி. டப்பாவை இறுக்கி மூடி, ஃப்ரீசர்ல ராத்திரி பூரா விட்டுடுங்க. மெஸ்ல இருக்கறது ஒத்தக் கதவு ஃப்ரிட்ஜ்னா அந்தச் சின்னப் பெட்டி பெரிய ஃப்ரீசர் அளவுக்குக் குளிராது. முதல் நாளே ரெகுலேட்டரைக் கூட்டி வெச்சுடுங்க.

காலையில வெட்டினா ஒரு அதிசயம் பார்ப்பீங்க. ஐஸ்க்ரீம் கெட்டியா நிக்கும், நடுவுல இருக்கற பஞ்சாமிர்தம் மட்டும் அல்வா மாதிரி இளகியே இருக்கும். கெமிஸ்ட்ரி மேஜர் மக்களுக்குக் காரணம் தெரியும். தண்ணி 0 டிகிரியில உறையும். அதுல சர்க்கரை கரைஞ்சிருந்தா உறையறதுக்கு இன்னும் கீழே போகணும். பஞ்சாமிர்தத்துல இருக்கற சர்க்கரைக்கு ஹாஸ்டல் ஃப்ரீசரோட குளிர் பத்தவே பத்தாது. பிஸ்கட்டோ ராத்திரி முழுக்க ஈரத்தைக் குடிச்சு கேக் மாதிரி மெத்துனு ஆகியிருக்கும். சுடாம கேக் கிடைக்கற ரகசியம் அம்புட்டுதான்.

'பிரசாதத்தை இப்படியா பண்ணுவ?'ன்னு அம்மிச்சி கேட்டாங்கன்னா, முதல் ஸ்பூனை முருகா சொல்லி அப்படியே சாப்பிட்டுட்டு மிச்சத்துல செய்யுங்க. பஞ்சாமிர்தம் கிடைக்காத வாரத்துல பொடியா நறுக்கின பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி (அது வேற ஒண்ணுமில்லை, சர்க்கரைப் பாகுல ஊறின பப்பாளிக் காய்!), உடைச்ச கடலை மிட்டாய், எதுவும் ஓகே. என்னோட ஓட்டு இலந்தை வடைக்கு. ஸ்கூல் வாசல்ல வாங்கித் தின்ன அதே புளிப்பு, காரம். அதைச் சின்னதாப் பிச்சு வெனிலாவுல கலந்து உறைய வெச்சா, இனிப்பு வேண்டாம்னு முறைக்கறவன்கூட ரெண்டாவது கப் கேட்பான்.

ஃப்ரூட் குச்சி ஐஸுக்கு வருவோம். தர்பூசணியை விதை எடுத்துக் கையாலயே பிசைஞ்சு வடிகட்டுங்க. சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. ருசி பார்க்கும்போது 'கொஞ்சம் ஓவர் இனிப்பு'ன்னு தோணணும். ஜில்லுனு ஆனதும் நாக்குக்கு இனிப்பு குறைவாத்தான் தெரியும். டம்ளர்ல ஊத்தி, பாதி உறைஞ்சதும் குச்சியைக் குத்துங்க. முதல்லயே குத்தினா சாஞ்சுக்கும். வாழைப்பழம்னா இன்னும் சுலபம். நல்லாக் கனிஞ்சதை வில்லை போட்டு உறைய வெச்சு, ஃபோர்க்கால மசிச்சா, பாலே இல்லாம ஐஸ்க்ரீம் மாதிரி வழுவழுன்னு வரும். பன்னீர் திராட்சைக்கு அந்த வேலைகூட இல்லை. கழுவித் துடைச்சு ஃப்ரீசர்ல போடுங்க, மிட்டாய் ரெடி. அன்னாசியை மட்டும் பச்சையாப் பாலோட சேர்த்துடாதீங்க. கசந்து தொலையும்.

இங்கதான் ஒருத்தர் கை தூக்குவார்: 'குச்சி ஐஸ்னா சிவப்பா இருக்க வேண்டாமா? கலர் பொடி போடலாமா?'

கலரைப் பத்தி நம்ம ஊருக்கு வெளியூர்க்காரன் வந்து பாடம் எடுக்கணுமா? சாயத் தண்ணி நொய்யலை என்ன பண்ணுச்சு, ஒரத்துப்பாளையம் அணையை என்ன பண்ணுச்சுன்னு பார்த்தவங்க நாம. 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட்டே உத்தரவு போட்ட ஊர் இது. துணிக்குப் போடற சாயம் துணியோட நிக்கணும். ஆனா அது நிக்கறதில்லை. 2024 பிப்ரவரியில பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? மிட்டாயைச் சோதிச்சப்போ அந்த ரோஸ் கலர்ல இருந்தது ரோடமின்-பி. துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் போடற சாயம். குழந்தைங்க கையில குச்சியில சுத்திக் குடுத்துட்டு இருந்திருக்காங்க!

சாப்பாட்டுல சேர்க்க அனுமதிச்ச செயற்கை நிறங்கள் நம்ம நாட்டுல எட்டுதான். அதுலயும் ஐஸ்க்ரீமுக்கு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதை அளக்கற தராசு உங்க ரூம்ல இருக்கா? லேபிள் இல்லாம பொட்டலம் கட்டித் தர்ற பொடியில இருக்கறது அந்த எட்டுல ஒண்ணுதான்னு யாருக்குத் தெரியும்? அதனால அந்தப் பக்கமே போகாதீங்க. துருவின பீட்ரூட்டைப் பிழிஞ்சா ரெண்டு ஸ்பூன் சாறுல ஒரு லிட்டர் பால் ரோஸாகும், வாசனையும் பெருசாத் தெரியாது. மாதுளை சிவப்பு, கறுப்பு திராட்சை ஊதா, மாம்பழம் மஞ்சள். ஆனி, ஆடியில நாவல்பழம் வரும்போது பாருங்க, அந்தக் கலருக்கு எந்த டையிங் மாஸ்டராலயும் ஷேடு மேட்ச் பண்ண முடியாது. நாக்குல ஒட்டிக்கிட்டா சாயங்காலம் வரைக்கும் போகாது, அதான் ஒரே ரிஸ்க்.

தண்ணி விஷயத்துலயும் சுணக்கம் வேண்டாம். குச்சி ஐஸுக்கு உப்புத் தண்ணி ஆகாது, நல்ல தண்ணிதான். மீன், இறைச்சியைக் குளிரவைக்கற ஐஸ் கட்டியை வாங்கி ஜூஸ்ல போடற வேலையும் கூடாது. சாப்பிடறதுக்கு இல்லாத ஐஸ்ல நீல நிறம் கலக்கணும்னு 2018-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னதே ரெண்டும் கலந்துடக் கூடாதுன்னுதான்.

'எங்க ரூம்ல ஃப்ரிட்ஜே கிடையாது'ங்கறவங்களுக்கு அந்தக் கட்டி ஐஸ் வேற விதத்துல உதவும். ஒரு கெட்டியான ஜிப் கவர்ல காய்ச்சி ஆறின பால் ஒரு டம்ளர், சர்க்கரை ரெண்டு ஸ்பூன், மாம்பழக் கூழ் கொஞ்சம். காத்தை வெளியேத்தி இறுக்கி மூடி, அதை இன்னொரு கவர்ல போட்டு அதையும் மூடுங்க. பெரிய பை ஒண்ணுல மூணு பங்கு உடைச்ச ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு. உள்ளே இந்தக் கவரை வெச்சுக் குலுக்குங்க. உப்பு பட்ட ஐஸ் 0 டிகிரிக்கும் கீழே போயிடும், கணக்குப்படி மைனஸ் 21 வரைக்கும் இறங்கலாம். வெறும் கையால பிடிச்சா விரல் விறைச்சுடும். ஒரு பழைய டி-ஷர்ட்டைச் சுத்திக்கோங்க, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்? கால் மணி நேரம் ஆளுக்கு ரெண்டு நிமிஷம் குலுக்கினா ஐஸ்க்ரீம். கவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி வெளியில ஒட்டியிருக்கற உப்பை நல்லாக் கழுவிடுங்க.

கரன்ட் இல்லாத காலத்துல உலகம் பூரா இதே டெக்னிக்தான். 1843-ல நான்சி ஜான்சன்ங்கற அமெரிக்கப் பெண்மணி கையால சுத்தற ஐஸ்க்ரீம் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினதும் இந்த உப்பு-ஐஸ் கூட்டணியை வெச்சுத்தான். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1842-ல சென்னை கடற்கரையில ஒரு ஐஸ் ஹவுஸ் கட்டினாங்க. அமெரிக்காவுல ஏரியில வெட்டின பனிக்கட்டி மரத்தூளுக்குள்ள பொத்தி கப்பல்ல வந்து அங்க இறங்குச்சு. இன்னைக்கு விவேகானந்தர் இல்லம்னு சொல்றமே, அதே கட்டடம்தான். கடல் தாண்டி வந்த ஐஸ் கட்டி இன்னைக்கு நாலு தெரு தள்ளிக் கிடைக்குது, குலுக்கறதுக்குக் கசந்தா எப்படிங்க?

ராத்திரி கரன்ட் போச்சுன்னா டப்பா எப்படி இருக்குன்னு நிமிஷத்துக்கு ஒருதரம் ஃப்ரீசரைத் திறந்து பார்க்காதீங்க, மூடியே இருந்தா குளிர் தாங்கும். முழுசா உருகி வெதுவெதுன்னு ஆயிட்டா மனசைக் கல்லாக்கிக் கொட்டிடுங்க. மறுபடி உறைய வெச்சா கிருமி சாகாது, தூங்கி எழுந்து வயித்துக்குள்ள வேலையைக் காட்டும்.

டப்பா மேல பேர் எழுதி ஒட்டுங்க. 'பாட்டனி லேப் சாம்பிள்'னு எழுதினா இன்னும் பத்திரம்! வெட்டும்போது கத்தியைச் சுடுதண்ணியில முக்கித் துடைச்சுட்டு வெட்டினா துண்டு நேரா வரும். முதல் துண்டு வார்டனுக்கு. அடுத்த சனிக்கிழமையும் ஃப்ரீசர்ல இடம் வேணுமில்லீங்களா?