மரத்திற்கு மெருகு, மனிதருக்கு மூச்சு



பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு தாய் நமக்கு மடல் வரைந்திருக்கிறார். விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா பாரதாசிரமம் அமைத்து வாழ்ந்து, 1925 சூலை 23-ஆம் நாள் தம் இறுதி மூச்சை விட்ட ஊர் அது. அத்தாயின் மகன் தச்சுத் தொழில் பயின்று வீடு திரும்பியிருக்கிறான். பின்கட்டில் கட்டில், அலமாரி, நாற்காலி செய்து விற்கத் தொடங்கியிருக்கிறான். வேலைப்பாடு நன்றாயினும், தூரிகையால் பூசிய வார்னிஷில் கோடுகள் தெரிகின்றனவென்று வாங்குவோர் குறை கூறுகின்றனராம். "ஸ்பிரே கன் ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று மகன் கேட்கிறான். கடையில் மூன்று வகைக் கருவிகளைக் காட்டினார்களாம். வீட்டிலோ எட்டு மாதப் பேரக்குழந்தை இருக்கிறது. "எதை வாங்குவது? வாங்கத்தான் வேண்டுமா?" என்பது தாயின் வினா. இவ்வினா பல குடும்பங்களுக்கும் உரியதாகையால், இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் இக்கருவியின் பிறப்பைக் கூறுவோம். அமெரிக்க நாட்டின் ஓஹியோ மாநிலத்தில், டொலிடோ நகரில் வாழ்ந்த ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்தைப் பனிபோலத் தெளிப்பதற்காக 1880-களில் ஒரு சிறு கருவியைச் செய்தார். அவருடைய மகன் தாமஸ், 1907-ஆம் ஆண்டு அதே முறையை வண்ணம் தெளிப்பதற்குப் பயன்படுத்தினார். தொண்டைக்கு மருந்து செலுத்தப் பிறந்த கருவியே, நாம் அறியாமையால் கையாண்டால், தொண்டைக்கும் நுரையீரலுக்கும் நஞ்சு செலுத்தும் கருவியாகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடையில் காட்டும் மூன்று வகைகளின் இயல்பு இதுவே.

முதல் வகை, கம்ப்ரஸருடன் இணைக்கும் கன். அழுத்தப்பட்ட காற்று வண்ணத்தைச் சிதறடித்து மரத்தின்மீது படியச் செய்கிறது. கண்ணாடி போன்ற மெருகு வேண்டுமாயின், பழகிய கைக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் பழைய மாதிரிக் கன்களில் காற்றின் வேகம் மிகுதியாகையால், தெளிக்கும் வண்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மரத்தில் படியும். எஞ்சியது காற்றில் கலந்து வீணாவதோடு, தெளிப்பவரின் மூச்சிலும் புகும். இவ்வீணைக் குறைப்பதற்காக வந்தவையே குறைந்த அழுத்தத்தில் மிகுந்த காற்றைச் செலுத்தும் எச்.வி.எல்.பி. கன்கள். இவற்றின் முனையில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 10 பவுண்டுக்கு மேற்படாது. வண்ணத்தில் 65 விழுக்காடோ அதற்கு மேலோ மரத்தில் படியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கம்ப்ரஸர் வாங்குவோர் குதிரைத் திறனை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். கேட்க வேண்டுவது யாதெனில், "நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று தரும்?" என்பதாகும். ஒரு குதிரைத் திறனுள்ள சிறு கம்ப்ரஸர் ஏறத்தாழ 4 கன அடியே தரும். எச்.வி.எல்.பி. கன் பலவற்றிற்கு 10 கன அடியோ அதற்கு மேலோ தேவை. பொருத்தம் பாராமல் வாங்கினால், பாதிக் கதவு பூசுமுன் காற்று தளர்ந்து, வண்ணம் துளித்துளியாகச் சிந்தும். கன்னின் தேவையை முதலில் அறிந்து, அதற்கேற்ற கம்ப்ரஸரை வாங்குக. சிறு கம்ப்ரஸருக்கென்றே குறைந்த காற்றில் இயங்கும் கன்களும் கிடைக்கின்றன. கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்துவிடல் வேண்டும். வடிக்காவிடில் அந்நீர் வண்ணத்தோடு கலந்து பூச்சில் கொப்புளங்களை உண்டாக்கும். தொட்டியும் உள்ளிருந்து துருப்பிடித்து ஒருநாள் வெடிக்கக்கூடும்.

இரண்டாம் வகை, கையில் பிடித்து மின்சாரத்தால் இயக்கும் கருவி. காற்றாடி போன்ற சுழலி இதனுள்ளேயோ தனிப்பெட்டியிலோ இருந்து காற்றைத் தருகிறது. கம்ப்ரஸர் வேண்டாம், விலையும் சில ஆயிரம் ரூபாய்தான். இதன் துளிகள் சற்றுப் பெரியன. ஆகவே கண்ணாடி மெருகை எதிர்பார்த்தல் ஆகாது. கதவு, சன்னல், கட்டில் ஆகியவற்றிற்கு எனாமலோ நீரில் கரையும் வண்ணமோ பூசுவதற்கு இது போதும்.

மூன்றாம் வகை, காற்றின்றி வண்ணத்தையே பேரழுத்தத்தில் பீய்ச்சும் கருவி. அவ்வழுத்தம் சதுர அங்குலத்திற்கு 2,000 முதல் 3,000 பவுண்டு வரை செல்லும். பெரிய கட்டிடங்களின் சுவருக்கு ஏற்றது; நாற்காலிக்கு வேண்டாதது. இதன் முனையை விரலால் தொட்டால், வண்ணம் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளியே தெரியும். உள்ளே விரலையே இழக்கும் கேடு நடந்துகொண்டிருக்கும். அத்தகைய காயம் நேர்ந்தால், வலி இல்லையே என்று வாளாவிருக்காமல், அக்கணமே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகள் நடமாடும் இல்லத்திற்கு இவ்வகை தகாது என்பதே நம் கருத்து.

கருவியின் முனைத்துளையையும் பார்த்து வாங்குக. நீர்த்த லாக்கருக்கும் வார்னிஷுக்கும் 1.3 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை போதும். கெட்டியான எனாமலுக்கும் நீரில் கரையும் வண்ணத்திற்கும் 1.8 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தேவைப்படும். இரண்டு முனைகள் உடன்வரும் கருவியே சிக்கனமானது. மாற்று முனையும் ரப்பர் வளையமும் தருமபுரியிலோ சேலத்திலோ கிடைக்குமா என்று கேட்டறிந்த பின்பே பணத்தை எண்ணுங்கள். உதிரி உறுப்புக் கிடைக்காத கருவி ஓராண்டில் பரணுக்குப் போய்விடும்.

இனி, கருவியைவிடப் பெரிய கேள்விக்கு வருகிறோம். எதைத் தெளிப்பது, எங்கே தெளிப்பது?

நம் இல்லத்திலேயே நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அலமாரிக்கு மெருகிட விரும்பி, கடைக்காரர் ஒருவர் கொடுத்த இருகலவைப் பாலியூரித்தேன் பூச்சை வாங்கினோம். தூசி படியலாகாதென்று சன்னல்களைச் சாத்திக்கொண்டு, முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தெளித்தோம். மெருகு அழகாகத்தான் அமைந்தது. ஆனால் அன்றிரவு அடுத்த அறையில் உறங்கிய நம் இளைய மகள் மூச்சுத் திணறி எழுந்தாள். நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடினோம். இறையருளால் நலம் பெற்றாள். எனினும் அந்த இரவில், அவள் மார்பு ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு செபமாலையைக் கையில் பிடித்திருந்தபோது, அலமாரியின் பளபளப்பு நமக்கு எவ்வளவு அற்பமாகத் தோன்றிற்று என்பதைச் சொல்லி முடியாது. டப்பாவின் மேல் அச்சிட்டிருந்த எச்சரிக்கையை மறுநாள்தான் படித்தோம். குற்றம் நம்முடையதே.

இருகலவைப் பாலியூரித்தேனின் கடினமாக்கியில் ஐசோசயனேட்டு என்னும் பொருள் உண்டு. தெளிக்கும்போது அது நுண்துளிகளாக மூச்சில் புகுந்து ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு அடைக்கும். துணி முகமூடி இதைச் சிறிதும் தடுக்காது. தொழிற்கூடங்களில் இதனைத் தெளிப்போர், வெளியிலிருந்து தூய காற்று வரும் முகக்கவசம் அணிகின்றனர். அவ்வசதி நம் வீட்டுப் பின்கட்டில் இல்லை. ஆகவே இருகலவைப் பாலியூரித்தேனை வீட்டில் தெளித்தல் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறோம். மெலமைன் பூச்சும் உலரும்போது ஃபார்மால்டிகைடு வாயுவை வெளியிடுகிறது. அதுவும் குழந்தையுள்ள வீட்டிற்கு ஏற்றதன்று.

பின் எது ஏற்றது? நீரில் கரையும் மரவண்ணமும் நீரில் கரையும் வார்னிஷும் இன்று எளிதில் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். ஆனால் மணம் குறைவு, தீப்பற்றும் அச்சமும் மிகக் குறைவு. தின்னரில் கரையும் லாக்கரும் எனாமலும் தெளிப்பதாயின், திறந்தவெளிக் கொட்டகையில் தெளிக்க வேண்டும். கரிவடிப்பான் பொருத்திய முகமூடி அணிய வேண்டும். நீர் வண்ணத்திற்கும் நுண்துகள் தடுக்கும் முகமூடி இன்றியமையாதது. அரைகுறையாக உலர்ந்த பொருளைக் குழந்தை உறங்கும் அறைக்குள் கொண்டுசெல்லலாகாது.

தின்னரின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிவிடும். அடுப்பு, பீடி, மின்பொறி எதுவும் அருகில் ஆகாது. மின்சாரக் கருவியால் லாக்கர் தெளிக்கலாமா என்பதைக் கருவியின் குறிப்பேட்டில் பார்த்த பின்பே தொடங்குக. நம் இல்லங்களில் திரு இருதய ஆண்டவர் படத்தின் முன் மெழுகுவர்த்தி எரிவது வழக்கம். தெளிக்கும் நேரத்தில் அதனை அணைத்துவிடுங்கள். ஆண்டவர் அதற்காக மனம் வருந்தமாட்டார். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தல்களைச் சுருட்டி எறிந்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்தோ, நீரில் நனைத்தோ பின்னர் அப்புறப்படுத்துக.

பழைய கதவுகளுக்கு மறுபூச்சு இடுவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி பறக்கவிடாமல், நீர் தொட்டுத் தேய்த்துத் துடைத்தெடுக்க வேண்டும். ஈயம் தவழும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

வேலை முறையைச் சுருங்கக் கூறுவோம். தெளிகருவி, மரத்தின் குறையை மறைக்காது, எடுத்துக் காட்டும். பட்டி பார்த்து, உப்புத்தாளால் இழைத்து, தூசியைத் துடைப்பதில்தான் பெரும்பங்கு வேலை முடிகிறது. வண்ணத்தை மெல்லிய துணியில் வடிகட்டுக. முதலில் பழைய அட்டையில் தெளித்துப் பாருங்கள். கன்னை மரத்திலிருந்து 6 முதல் 8 அங்குலத் தொலைவில் நேராகப் பிடித்து, கையை வளைக்காமல் ஒரே வேகத்தில் நகர்த்துக. ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் பாதியை மூடிச் செல்லட்டும். ஒரே கனத்த பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சுகள் மேல். மழைக்கால ஈரக்காற்றில் லாக்கர் வெண்படலம் பூக்கும். ஆடிக்காற்றில் புழுதி ஒட்டும். நாளைப் பார்த்து வேலையைத் தொடங்குக. வேலை முடிந்த அந்நாழிகையே கருவியைக் கழுவிவிட வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று வைத்த கன், நாளைக்கு இயங்காது.

அப்படியாயின் பாப்பாரப்பட்டித் தாய்க்கு நம் விடை யாது? ஆண்டுக்கு ஓரிரு பொருள்களே செய்யும் குடும்பமாயின், கருவி வேண்டாம். நல்ல தூரிகையும், நீர்த்த வார்னிஷும், பொறுமையும் போதும். உங்கள் மகனோ இதையே பிழைப்பாகக் கொண்டவன். ஆகவே மின்சாரத்தால் இயங்கும் கைக்கருவி ஒன்றை முதலில் வாங்கிக் கொடுங்கள். நீர் வண்ணத்தில் ஆறு மாதம் கை பழகட்டும். அவன் ஈட்டும் பணத்தில் பின்னர் கம்ப்ரஸரும் எச்.வி.எல்.பி. கன்னும் வாங்கிக்கொள்ளட்டும். கருவிக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல முகமூடிக்கும், வீட்டைவிட்டு விலகி நிற்கும் ஒரு சிறு கீற்றுக் கொட்டகைக்கும் எடுத்துவையுங்கள். இவ்விரண்டுக்கும் பணம் இல்லையெனில், கருவி வாங்கும் காலம் இன்னும் வரவில்லை என்று கொள்க. கோடுகளைப் பற்றி வாங்குவோர் கூறும் குறையைத் தூரிகையும் உப்புத்தாளும் அதுவரை ஓரளவு தீர்க்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துப் பூசச் சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டு மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். இரண்டாம் யோவான் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலில், மனிதனுக்காகவே உழைப்பு உள்ளதென்றும், உழைப்புக்காக மனிதன் இல்லையென்றும் போதித்தார். நாசரேத்துத் தச்சரின் கூடத்தில் தெளிகருவி இருந்ததில்லை. ஆனால் அங்கு ஒரு குழந்தை இருந்தது. அக்குழந்தையின் நலனைக் காக்க வீட்டையும் ஊரையும் விட்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட்டவர் அந்தத் தச்சர். வாங்குவோருக்குப் பளபளப்பான கட்டிலைத் தரும் முன், தன் வீட்டுக் குழந்தைக்குத் தூய காற்றைத் தரும் கடமை ஒவ்வொரு தச்சருக்கும் உண்டு.

மகனின் கைகளையும், பேரக்குழந்தையின் மூச்சையும் இறைவன் காத்தருள்வாராக. முதல் கட்டில் மெருகேறி முடிந்ததும், அந்தத் தாய் நமக்கு மீண்டும் எழுதுவாராக.