ஜாக்கெட் போட்ட லட்சுமி

எங்கள் லொங்குய்ய் வீட்டுச் சாமியறையில் அம்மம்மா கொண்டு வந்த லட்சுமி படம் இருக்கிறது. போன கிழமை என் மகள் பனிக்கால ஜாக்கெட் போட்ட லட்சுமி ஒன்றைக் கீறினாள். அதைப் பக்கத்தில் வைக்க அம்மா விடவில்லை. "லட்சுமி இப்பிடியே இருப்பா?"

தாமரையில் சேலையோடு நிற்கும் அந்த லட்சுமியும் ஒருவர் கீறியதுதான், அம்மா. ரவி வர்மா. 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, நிறத்துக்கு ஒரு கல்லாக அச்சடித்து விற்றார். கோயிலுக்குள் விடப்படாதவர்களும் வாங்கி வீட்டில் மாட்டினார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

வெறும் அச்சுப்படம் என்று எறியச் சொல்லவில்லை. அம்மம்மா எத்தனையோ வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த படம். ஆனால் அவர் கீறலாமென்றால் இவளும் கீறலாம். வாற வெள்ளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் விளக்குக் கொளுத்தப்போகிறேன்.