நீரிணையின் இருபுறமும் வளம் பெருக

பொழுது விடிவதற்கு முன்பே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து காய்கறி லாரிகள் சிங்கப்பூருக்குள் வருகின்றன. அவற்றில் வரும் கீரையும் வெண்டைக்காயும் கத்திரிக்காயும் தேக்கா சந்தை உள்ளிட்ட பல சந்தைகளுக்குச் சென்று, அன்றே வீடுகளில் சமையலாகின்றன. சிங்கப்பூர் தனக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதை வெளிநாடுகளிலிருந்து வரவழைக்கிறது. அதில் அண்டை நாடான மலேசியாவின் பங்கு முக்கியமானது. வரைபடத்தில் ஜோகூர் நீரிணை ஓர் எல்லை. அன்றாட வாழ்க்கையில் அது ஒரு வாசல்.

அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறக்க இரு நாடுகளும் முனைந்துள்ளன. ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலமும் புதிய ரயில் பாதையும் அந்த முயற்சியின் இரு பகுதிகள். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், இவற்றின் பயன் பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடக் கூடாது. சிறு வணிகரையும் சாதாரண ஊழியரையும் அது சென்றடைந்தால்தான் இந்த ஒத்துழைப்பு நீண்டகாலம் நிலைக்கும்.

இரு கரைகளையும் இணைக்கும் எண்ணம் புதியதன்று. ஒரு காலத்தில் பயணிகளும் சரக்குகளும் படகுகளில்தான் நீரிணையைக் கடக்க வேண்டியிருந்தது. மலாயாவின் ரப்பரும் ஈயமும் சிங்கப்பூர்த் துறைமுகத்தை நாடி வந்த காலம் அது. வணிகம் பெருகியபோது படகுப் போக்குவரத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. எனவே, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் கடற்பாலம் கட்டப்பட்டது. 1923ஆம் ஆண்டில் அதன்மீது ரயில்கள் ஓடத் தொடங்கின. 1924ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. ஜோகூரின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கும் சிராங்கூன் சாலையில் கடை வைத்திருந்தவர்களுக்கும் இடையே அந்தப் பாலம் உறவுப் பாலமாகவும் விளங்கியது. இன்றும் சிங்கப்பூர்த் தமிழர் பலருக்கு அக்கரையில் உறவினர் இருக்கின்றனர்.

1965ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தனிநாடானதும் கடற்பாலம் இரு நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லையாயிற்று. 1967ஆம் ஆண்டில் அங்குக் குடிநுழைவுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. ஆனாலும், போக்குவரத்து குறையவில்லை. 1998ஆம் ஆண்டில் துவாசில் இரண்டாம் இணைப்பு திறக்கப்பட்டது. கிருமிப்பரவலுக்கு முன்பு நாள்தோறும் 300,000க்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடந்தனர். விடியற்காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, இரவில் திரும்பும் மலேசிய ஊழியர்கள் அவர்களுள் பெரும்பகுதியினர். நெரிசல் மிகுந்த நாள்களில் அவர்களுடைய வாழ்நாளில் பல மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடுகிறது.

இந்த இழப்பைக் குறைப்பதற்காகவே புதிய பெருவிரைவு ரயில் பாதை அமைக்கப்பட்டு வருகிறது. ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். பயண நேரம் சுமார் 5 நிமிடம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள்வரை அது ஏற்றிச் செல்லும். புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளையும் முடித்துக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. 2026ஆம் ஆண்டு இறுதிக்குள் சேவையைத் தொடங்குவது திட்டம்.

சிறப்புப் பொருளியல் மண்டலத்திற்கான உடன்பாடு 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கையெழுத்தானது. ஜோகூரின் தென்பகுதியில் 3,500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலப்பரப்பை அது உள்ளடக்குகிறது. இது சிங்கப்பூரைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்களை ஈர்ப்பதும் திறன்மிக்க 20,000 வேலைகளை உருவாக்குவதும் இலக்குகள். இதன் அடிப்படை எளிமையானது. சிங்கப்பூரில் முதலீடு, தொழில்நுட்பம், உலகளாவிய விமான, கப்பல் தொடர்புகள் ஆகியவை உள்ளன, நிலம் இல்லை. ஜோகூரில் நிலமும் உழைப்பாளரும் உண்டு, முதலீடு தேவைப்படுகிறது. ஒரு நிறுவனம் தன் தலைமை அலுவலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் சிங்கப்பூரில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலையை ஜோகூரில் நடத்தலாம். வாடகையும் ஊதியமும் உயர்ந்துவிட்ட சிங்கப்பூரை விட்டு அந்நிறுவனம் வேறு வட்டாரத்திற்கே சென்றுவிடுவதைக் காட்டிலும் இது இரு நாடுகளுக்கும் நன்மை.

இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரிகள் உண்டு. 1980ஆம் ஆண்டில் சீனா ஷென்சென் பகுதியைச் சிறப்புப் பொருளியல் மண்டலமாக அறிவித்தது. ஹாங்காங்கின் முதலீட்டால் அது மாபெரும் நகரமாக வளர்ந்தது. ஆனால், 1997ஆம் ஆண்டில் ஹாங்காங் சீனாவிடமே திரும்பியது. ஜோகூரும் சிங்கப்பூரும் இரு வேறு நாடுகளைச் சேர்ந்தவை. சட்டம், வரி, நாணயம் அனைத்தும் வேறு. எனவே, இங்கு நிலத்தையும் பணத்தையும்விட நம்பிக்கையே பெரிய முதலீடு.

நம்பிக்கை எவ்வளவு எளிதில் சோதனைக்குள்ளாகும் என்பதை அண்மை ஆண்டுகள் காட்டின. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிருமிப்பரவலால் எல்லை மூடப்பட்டபோது, ஒரே குடும்பத்தினர் இரு கரைகளில் பிரிந்து வாழ நேரிட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் தரைவழிப் பயணம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், உள்நாட்டுத் தட்டுப்பாடு காரணமாக மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழி இறைச்சியில் மூன்றில் ஒரு பங்கு அப்போது அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. ஈரச்சந்தைகளில் கோழிக் கடைகள் சில தற்காலிகமாக மூடப்பட்டன. தன் மக்களுக்கு உணவு கிடைக்கச் செய்யவே மலேசியா அம்முடிவை எடுத்தது. ஆயினும், அந்த முடிவின் சுமையைச் சுமந்தவர்கள் சிங்கப்பூரின் சிறு வியாபாரிகள்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1962ஆம் ஆண்டின் தண்ணீர் உடன்பாட்டின்படி, சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 250 மில்லியன் கேலன்வரை நீரைப் பெறலாம். அது 2061ஆம் ஆண்டுவரை செல்லும். விலை குறித்து இரு அரசாங்கங்களும் பலமுறை கருத்து வேறுபட்டிருக்கின்றன. ஆனாலும், உடன்பாடு முறியவில்லை. உரிமைகளும் கடமைகளும் தெளிவாக எழுதப்பட்டிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். புதிய மண்டலத்திற்கும் இத்தகைய தெளிவு தேவை. நெருக்கடி வரும்போது எவ்வெப்பொருள்கள் தடையின்றிச் செல்லும், ஊழியர்கள் எவ்வாறு வந்துபோவார்கள் என்பவற்றை நல்ல காலத்திலேயே பேசி முடிப்பது அறிவுடைமை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது மூத்தோர் அறிவுரை.

புதிய ரயில் பாதையைக் கண்டு கவலைப்படுவோரும் உள்ளனர். லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை, தையற்கடை, உணவகம் நடத்துவோர் ஏற்கெனவே அதிக வாடகையும் ஆள் பற்றாக்குறையும் கண்டு தவிக்கின்றனர். ஐந்தே நிமிடத்தில் அக்கரை செல்லலாம் என்றால், ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, வாடிக்கையாளர்கள் அங்கேயே வாங்கிவிட மாட்டார்களா என அவர்கள் கேட்பது நியாயமே. அக்கரையிலும் கவலை உண்டு. சிங்கப்பூரர்களின் வரவால் வீட்டு வாடகையும் உணவு விலையும் ஏறும் என ஜோகூர் மக்கள் அஞ்சுகின்றனர். பயிற்சி பெற்ற தாதியரும் தொழில்நுட்பர்களும் கூடுதல் ஊதியம் தேடி சிங்கப்பூருக்குச் சென்றுவிடுவது அவர்களுடைய மற்றொரு வருத்தம்.

இக்கவலைகளுக்கு வாசலை மூடுவது விடையாகாது. ரயில் இரு திசைகளிலும் ஓடும். தீபாவளி ஒளியூட்டைக் காணவும் பூமாலை, பட்டுப்புடவை, நகை வாங்கவும் ஜோகூர்த் தமிழர் சிராங்கூன் சாலைக்கு வருவது எளிதாகும். விலையில் மட்டும் போட்டியிட்டால் சிங்கப்பூர்க் கடைகள் தோற்கக்கூடும். தரம், நம்பகம், தனித்தன்மை ஆகியவற்றில் போட்டியிட்டால் வெல்ல முடியும். அதற்கு அரசாங்கமும் வணிக அமைப்புகளும் துணைநிற்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் உண்டு. சிறு கடைக்காரருக்குச் சுங்க விதிகளை விளக்கிச் சொல்லக்கூட ஆளில்லை. சிறு வணிகர்கள் சிலர் சேர்ந்து ஜோகூரில் பொதுக் கிடங்கோ சமையற்கூடமோ அமைக்க வழிகாட்டினால், செலவு குறையும், கடையும் பிழைக்கும்.

ஜோகூருக்கும் நியாயமான பங்கு கிடைக்க வேண்டும். அதை மலிவான பொருளும் உழைப்பும் கிடைக்கும் இடமாக மட்டுமே கருதும் போக்கு மாற வேண்டும். அங்கு உருவாகும் வேலைகள் நல்ல ஊதியம் தருபவையாக இருந்தால், அங்குள்ள இளையர் நள்ளிரவில் எழுந்து எல்லையைக் கடக்க வேண்டியதில்லை. எனவே, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இம்மண்டலத்தை மதிப்பிடும்போது, திட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை சிறு நிறுவனங்கள் பயனடைந்தன, ஊழியரின் ஊதியம் உயர்ந்ததா, பயண நேரம் குறைந்ததா என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

இன்று உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர்கள் வேலைக்குச் செல்லும் காலத்தில் இம்மண்டலம் வளர்ந்து நிற்கும். அவர்களுள் சிலர் அக்கரையில் பணியாற்றுவர். சிலர் அக்கரையிலிருந்து வருவோருடன் பணியாற்றுவர். அண்டை நாட்டின் மொழியையும் வரலாற்றையும் மக்களின் மனநிலையையும் அறிந்தவர்களுக்கே அப்போது மதிப்பு கூடும். பாலங்களையும் தண்டவாளங்களையும் பொறியாளர்கள் அமைத்துத் தருவார்கள். இரு கரை மக்களும் ஒருவரையொருவர் மதித்து நடந்தால்தான் அவற்றால் விளையும் நன்மை இருவருக்கும் பொதுவாகும்.