மஹரகமவுக்கு வேன் பிடிக்க முதல் 138ஐ யோசியுங்கள்



ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் செய்தி இது: "ஒரு சகோதரிக்கு மஹரகம கிளினிக். வேன் ஹயருக்கு உதவி செய்யுங்கள்." நாமும் கொடுக்கிறோம். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தக் காசில் பெரும்பங்கு மருந்துக்கோ சத்தான சாப்பாட்டுக்கோ போவதில்லை. டீசலுக்குப் போகிறது. அடுத்த மாதமும் கிளினிக் வரும், திரும்பவும் கேட்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்க வெட்கப்பட்டு கிளினிக்கையே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்க முடியாதவரை, மருந்து ஏற்றிய களைப்பில் இருப்பவரை பஸ்ஸில் ஏற்றச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேன்தான் வேண்டும். ரிப்போர்ட் எடுக்க, டொக்டரைக் காட்டிவிட்டு வர, பாஸ்போட் வேலைக்கு என்று போகும் மற்றவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். நாம் வேன் பிடிப்பது பெரும்பாலும் தூரத்துக்காக இல்லை, கொழும்புக்குள் வழி தெரியாத பயத்துக்காக.

அந்தப் பயம் தேவையில்லை. நம்ம ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும்போது புறக்கோட்டையில் இறங்கலாம். பக்கத்துப் பள்ளிவாசலில் சுபஹ் தொழுதுவிட்டு 138 பஸ் எடுங்கள். டவுன் ஹோல், கிருலப்பனை, நுகேகொடை வழியாக அது மஹரகம போகும். அபேக்ஷா வைத்தியசாலை அங்கேதான். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அதே 138இல் டவுன் ஹோல் பக்கம் இறங்கலாம். தெவட்டகஹ பள்ளிவாசலும் அங்கேயே இருப்பதால் லுஹருக்கு அலைய வேண்டியதில்லை. பிள்ளையை ரிஜ்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறீர்களா? பொரளைக்கு 103 இருக்கிறது.

வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, பத்தரமுல்லைக்குப் பாஸ்போட் வேலையாகப் போக வேண்டும் என்று வையுங்கள். காலை நேரத்தில் காலி வீதி நெரிசலில் ஓட்டோவின் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கடற்கரைப் பாதை ரயிலில் ஏறினால் பம்பலப்பிட்டிக்கு அடுத்தது கொள்ளுப்பிட்டி. அங்கே இறங்கி 177 எடுத்தால் பத்தரமுல்லை. மஹரகமவுக்கும் ரயில் உண்டு. மருதானை, நாரஹேன்பிட்டி, நுகேகொடை வழியாகப் போகும் களனிவெளிப் பாதை அது. ஆனால் ரயில்கள் குறைவு. சனி, ஞாயிறு, போயா நாட்களில் இன்னும் குறையும். நேரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

"எங்களுக்குச் சிங்களம் தெரியாதே" என்பார்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று சட்டத்தில் எழுதியாயிற்று. பஸ் பலகையில் அது எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கிடையில் இலக்கம் இருக்கிறது. 138 எந்த மொழியிலும் 138தான். எழுத வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கும் மூன்று இலக்கத்தை அடையாளம் காட்டலாம். அதோடு கொண்டக்டரிடம் சொல்ல ஒரு வசனம் போதும்: "ஹொஸ்பிட்டல் எக லங்க பஹினவா." ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இறங்குகிறேன் என்று அர்த்தம். ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

பயணத்தைத் திட்டமிடுவது பெரிய வித்தை இல்லை. பின்னாலிருந்து முன்னுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கிளினிக் எத்தனை மணிக்கு? அதற்கு ஒரு மணித்தியாலம் முந்தி அங்கே நிற்க வேண்டும். அப்படியென்றால் எத்தனை மணிக்கு பஸ் ஏற வேண்டும்? திரும்பும்போது பின்னேரம் ஐந்து மணி நெரிசலில் மாட்டினால் ஊர் பஸ்ஸைப் பிடிக்கலாமா? இவ்வளவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, சில்லறைக் காசோடு பேர்சில் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

பெண்களுக்கு பஸ்ஸில் வரும் தொந்தரவையும் மறைக்கக் கூடாது. அது உண்மை, அந்தப் பயம் நியாயமானது. அதனால் நெரிசல் நேரத்தைத் தவிருங்கள், துணையோடு போங்கள். ஆனால் இன்று பல வீடுகளில் கொழும்பு தெரிந்தவர் ஒரே ஒரு ஆண்தான். அவருக்கு லீவு கிடைக்காவிட்டால் கிளினிக் இல்லை. அவர் வெளிநாட்டில் இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் கெஞ்ச வேண்டும். ஒரு பெண்ணின் வைத்தியம் இன்னொருவரின் லீவில் தங்கியிருப்பது சரியா?

ஆசிரியர்களான எங்களிலும் பிழை இருக்கிறது. பத்தாம் ஆண்டுப் பிள்ளை உலகப் படத்தில் நைல் நதியைக் காட்டுகிறது. கோட்டையிலிருந்து பொரளைக்கு எப்படிப் போவது என்று கேட்டால் முழிக்கிறது. புறப்படும் இடத்தையும் போய்ச்சேர வேண்டிய நேரத்தையும் கொடுத்து "உம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஒரு திட்டம் எழுது" என்று ஒரு பாடவேளை செலவழிக்கலாமே. இன்ஷா அல்லாஹ், இந்தத் தவணை என் வகுப்பில் செய்யப்போகிறேன்.

பள்ளி நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரிப் பெயர், பஸ் இலக்கம், இறங்கும் இடம் மூன்றையும் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வழி தெரிந்த இளைஞர்கள் மாதம் ஒரு நாள் துணைக்குப் போக முன்வாருங்கள். அதுவும் ஸதகாதான். வேனுக்குச் சேரும் காசு உண்மையிலேயே வேன் தேவைப்படுகிற நோயாளிக்குப் போய்ச் சேரட்டும்.

நீங்கள் வழமையாகப் போகும் பஸ் இலக்கங்களைக் கீழே எழுதுங்கள். யாரோ ஒரு உம்மாவுக்கு உதவும்.