பதினான்கு ஆட்டமும் கணக்குத்தான்

ஐபிஎல் நடக்கும் மாதங்களில் மஸ்கெலியா கடைத்தெருவிலும் சுற்றியுள்ள தோட்டத்து லயங்களிலும் ஒரு தீர்ப்பு வருடம் தவறாமல் காதில் விழுகிறது. பாதி ஆட்டங்களைத் தோற்றுவிட்டு, கடைசி வாரத்தில் அடித்துப்பிடித்து அடுத்த சுற்றுக்குள் நுழையும் அணி அதிர்ஷ்டத்தால் வந்த அணி. கோப்பை தூக்க அதற்குத் தகுதி இல்லை. அதை நம்பிப் புள்ளிக் கணக்குப் பார்ப்பவன் நேரத்தைத் தொலைக்கிறான். இதைச் சொல்பவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் அல்லர். சிறு வயதில் பிரட்டுக்களத்தில் மட்டை பிடித்தவர்கள், இன்றும் ஒரு பந்து விடாமல் பார்ப்பவர்கள். ஆகவே அவர்களுடைய ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துக்கொண்டு பதில் சொல்வதுதான் மரியாதை.

பதிலுக்கு நான் எடுத்துக்கொள்வது 2010 சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை. அவர்கள் சொல்லும் குறைகள் எல்லாம் அந்த அணியிடம் இருந்தன. 14 லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 7 தோல்வி. அரையிறுதி கிடைத்ததே கடைசி லீக் ஆட்டத்தின் கடைசி ஓவரில்தான். நமக்கு அது அந்நியமான அணியும் அல்ல. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன், கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் அந்த அணியில் பந்துவீசினார். எதிரணிகளிலும் நம்மவர்கள் இருந்தார்கள்: மும்பையில் மாலிங்கவும் ஜயசூரியவும், பஞ்சாபில் சங்கக்காரவும் மஹேலவும்.

முதல் வாதம்: “பாதியிலேயே முடிந்த கதை”

முதல் 7 ஆட்டங்கள் முடிந்தபோது சென்னைக்கு 2 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தில் நான்கு அடுத்தடுத்து வந்தவை. சேப்பாக்கத்தில் பஞ்சாபுடன் 136இல் சமநிலை, பிறகு சூப்பர் ஓவரில் தோல்வி. தொடர்ந்து பெங்களூர், மும்பை, ராஜஸ்தான் என்று எல்லாரிடமும் அடி. மார்ச் மாதக் கடைசியில் இந்த அணியைப் பார்த்தவர்கள் ‘முடிந்தது’ என்று சொன்னதில் வியப்பில்லை.

ஆனால் அவர்கள் பார்த்த அணியும் ஏப்ரலில் ஆடிய அணியும் ஒன்றல்ல. மார்ச் 16ஆம் திகதி கொல்கத்தாவுடன் ஆடும்போது கையில் அடிபட்ட தோனி அடுத்த சில ஆட்டங்களில் இறங்கவில்லை. ரெய்னா தலைமை தாங்கினார். தோனி திரும்பினார். நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டு அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டக் பொலிஞ்சர் ஏப்ரல் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்துகளில் 11 சிக்ஸருடன் 127 அடித்தார். சென்னை 246, ராஜஸ்தான் 223. பந்துவீச்சாளர்கள் எல்லாரும் அடிவாங்கிய அந்த ஆட்டத்தில் பொலிஞ்சர் 4 ஓவர்களில் கொடுத்தது வெறும் 15 ஓட்டங்கள், எடுத்தது 2 விக்கெட். மூன்று நாள் கழித்துப் பட்டியலில் முதலிடம் பிடிக்கவிருந்த மும்பையையும் 24 ஓட்டங்களால் வென்றார்கள். பின்பாதி 7 ஆட்டங்களில் 5 வெற்றி.

தோல்விக்குக் காரணம் இருந்தது போலவே மீட்சிக்கும் காரணம் இருந்தது. காரணத்தைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள்தான் ஏமாந்தார்கள். 2014இல் கொல்கத்தாவும் முதல் 7 ஆட்டங்களில் இதே 2 வெற்றி, 5 தோல்வியோடு நின்றது. அதன்பிறகு ஒன்றைக்கூடத் தோற்காமல், இறுதிப்போட்டியையும் சேர்த்துத் தொடர்ச்சியாக 9 வெற்றிகள். அமெரிக்க பேஸ்போலில் ஓர் அணி பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடும். 2019இல் வொஷிங்டன் நெஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 31ஐத் தோற்றிருந்தது. அந்த வருடத்து உலகத் தொடரை வென்றது அதே அணிதான். பாதியில் எழுதும் தீர்ப்பு பாதித் தீர்ப்புதான்.

இரண்டாம் வாதம்: “கடைசி ஓவர் அதிர்ஷ்டம்”

2010 ஏப்ரல் 18, தர்மசாலா. பஞ்சாப் 192 எடுத்தது. ஷோன் மார்ஷ் ஆட்டமிழக்காமல் 88. சென்னை தோற்றால் வீடு. கடைசி ஓவரில் 16 ஓட்டங்கள் வேண்டும், பந்து இர்பான் பதான் கையில். தோனி அடித்தது 4, 2, 6, 6. இரண்டு பந்துகள் மிச்சம் இருக்க ஆட்டம் முடிந்தது. உணர்ச்சியை வெளியில் காட்டாத அந்த மனிதர் தன் தலைக்கவசத்திலேயே குத்திக்கொண்டதை அன்று எல்லாரும் பார்த்தோம்.

இந்த நான்கு பந்துகளைக் காட்டித்தான் அதிர்ஷ்டம் என்கிறார்கள். சரி, அந்த ஓவருக்கு முன்னால் சேர்ந்திருந்த 177 ஓட்டங்கள்? ரெய்னா 27 பந்துகளில் 46. பத்ரிநாத் 36 பந்துகளில் 53. தோனியே அந்த ஓவருக்கு முன்பு 30க்கு மேல் எடுத்திருந்தார். மொத்தம் 29 பந்துகளில் 54. கடைசி ஓவரில் 16 என்பது எட்டக்கூடிய இலக்காக இருந்ததே, முன்னே 19 ஓவர் உழைத்த பலருடைய வேலையால்தான். படம்பிடித்து மறுபடி மறுபடி காட்டப்படுவது சிக்ஸர் மட்டும். பத்ரிநாத்தின் 53ஐ யாரும் அப்படிக் காட்டுவதில்லை.

அதிர்ஷ்டம் என்ற ஒன்றே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1992 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்திடம் 74 ஓட்டங்களுக்குச் சுருண்ட பாகிஸ்தானுக்கு மழை ஒரு புள்ளி கொடுத்தது. அந்தப் புள்ளி இல்லாமல் அவர்கள் அரையிறுதிக்கு வந்திருக்க முடியாது. ஆனால் அதிர்ஷ்டத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: அது நெடுநாள் கூடவே வராது. சென்னையைப் பாருங்கள். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் 142 மட்டுமே எடுத்தும் டெக்கானை 104இல் மடக்கினார்கள். பொலிஞ்சருக்கு 13 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். ஏப்ரல் 25ஆம் திகதி இறுதிப்போட்டியில் மும்பையை 22 ஓட்டங்களால் வென்றார்கள்; ரெய்னா ஆட்டமிழக்காமல் 57, முரளிதரன் 4 ஓவர்களில் 17 ஓட்டங்கள் மட்டும். செப்டம்பரில் தென்னாபிரிக்காவில் சாம்பியன்ஸ் லீக் கிண்ணம். 2011 மே மாதம் மீண்டும் ஐபிஎல் கிண்ணம். தர்மசாலாவின் நான்கு பந்து அதிர்ஷ்டம் 13 மாதம் தாங்குமா?

மூன்றாம் வாதம்: “எல்லாம் முன்பே எழுதிவைத்தது”

இந்தப் பேச்சு இப்போது இளைஞர்களிடம்தான் அதிகம். கடைசிப் பந்துவரை போகும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘ஸ்கிரிப்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஐபிஎல்லில் அழுக்கு இருந்தது உண்மை. 2013இல் சில வீரர்கள் குறிப்பிட்ட ஓவர்களில் ஓட்டம் கொடுக்கப் பணம் வாங்கியதாகக் கைதானார்கள். அணிகளோடு தொடர்புடையவர்கள் சூதாட்டப் பந்தயம் கட்டியதற்காக, 2015இல் லோதா குழு சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டு வருடம் விலக்கிவைத்தது. சென்னை ரசிகர்கள் அதை மறைக்கக் கூடாது. நானும் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்னது பந்தயத்தைப் பற்றி. ஒரு பருவத்தின் புள்ளிப் பட்டியலையே யாரோ உட்கார்ந்து எழுதினார்கள் என்று அது சொல்லவில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்ட இடத்தில் கோபப்படுவோம். ஆதாரமே இல்லாமல் எல்லா வெற்றியையும் நாடகம் என்றால், உண்மையாக உழைத்தவனையும் கள்ளனையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம்.

நான்காம் வாதம்: “ரன்ரேட் என்பது பின்கதவு”

2010இல் சென்னை, பெங்களூர், டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு அணிகளும் 14 புள்ளிகளில் நின்றன. நிகர ஓட்ட விகிதத்தில் சென்னைக்கு 0.274, பெங்களூருக்கு 0.219, டெல்லிக்கு 0.021. கொல்கத்தா பூச்சியத்துக்கும் கீழே. முதல் இரண்டு அணிகள் உள்ளே போயின, மற்ற இரண்டும் வீட்டுக்குப் போயின. தசம புள்ளிகளில் ஓர் அணியின் தலைவிதியைத் தீர்ப்பதா என்று கேட்கிறார்கள்.

அந்தத் தசமம் எங்கிருந்து வருகிறது? பருவம் முழுக்க ஓவருக்கு எத்தனை ஓட்டம் எடுத்தாய், எத்தனை கொடுத்தாய் என்ற கணக்கின் வித்தியாசம்தான் அது. ஒரு பந்தும் அதில் விட்டுப்போவதில்லை. கொல்கத்தாவைச் சென்னை மார்ச் 16இல் 55 ஓட்டங்களாலும், ஏப்ரல் 13இல் 9 விக்கெட்டுகளாலும் வென்றது. முதல் வாரத்தில் யாரும் பெரிதாகப் பேசாத அந்த 55 ஓட்ட வெற்றி, கடைசி வாரத்தில் சென்னையைத் தூக்கியது, கொல்கத்தாவை அமுக்கியது. தோற்ற ஆட்டங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 60 ஓட்டங்களால் தோற்க வேண்டிய ஆட்டத்தை 17 ஓட்டங்களுக்குள் சுருக்கிய பின்வரிசைக்காரன் தோல்விக்குள்ளும் எதையோ சேமித்துத் தருகிறான். கொழுந்து நிறுக்கும்போது காலை நிறுவையும் மாலை நிறுவையும் சேர்த்துத்தான் பேர் போடுகிறார்கள். மாலைக் கூடை கனமாக இருந்தது என்பதற்காகக் காலைக் கூடையை யாரும் கழிப்பதில்லை. ரன்ரேட்டும் அப்படிப்பட்ட கணக்கு. பின்கதவு என்றால் யாருக்கும் தெரியாமல் திறக்க வேண்டும். இந்தக் கதவின் அளவு முதல் நாளே எல்லாருக்கும் தெரியும்.

ஐந்தாம் வாதம்: “மேலே நின்றவனுக்கு அநியாயம்”

இவர்கள் சொல்வதில் கனமானது இதுதான். மும்பை அந்த வருடம் 10 ஆட்டங்களை வென்று முதலிடத்தில் இருந்தது. டெக்கான் லீக் சுற்றில் சென்னையை இரண்டு முறையும் தோற்கடித்திருந்தது. அந்த இரு அணிகளும் அரையிறுதி, இறுதி என்று ஒவ்வோர் ஆட்டத்தில் தோற்று வெறுங்கையோடு போனதில் ஒரு வலி இருக்கிறது. நான் டெக்கான் ரசிகனாக இருந்திருந்தால் எனக்கும் வலித்திருக்கும்.

ஆனால் லீக் சுற்றும் இறுதிச் சுற்றும் கேட்கும் கேள்விகள் வேறு. ஆறு வாரம் சீராக ஆட முடியுமா என்று லீக் கேட்கிறது. எல்லாம் ஒரே இரவில் தொங்கும்போது கை நடுங்காமல் ஆட முடியுமா என்று இறுதிச் சுற்று கேட்கிறது. கோப்பைக்கு இரண்டுக்கும் பதில் வேண்டும் என்பது எட்டு அணிகளும் ஒப்புக்கொண்ட விதி. சென்னை முதல் கேள்வியில் மூன்றாம் இடத்தில் தேறியது, இரண்டாம் கேள்வியில் முதலிடம் பிடித்தது. லீக்கில் சீராக ஆடியவர்களுக்கு அதற்குரிய பலன் வேண்டும் என்ற குரலும் கேட்கப்படாமல் போகவில்லை. 2011இலிருந்து முதல் இரண்டு இடங்களுக்கு இறுதிக்குப் போக இரண்டு வாய்ப்புகள். மூன்றாம், நான்காம் இடத்தவர் ஒரு முறை தோற்றால் வெளியே. மேலே நின்றவனுக்கு நியாயம் செய்ய இதுதான் வழி. கீழிருந்து ஏறி வருபவனின் ஏணியைப் பிடுங்குவது நியாயம் ஆகாது.

ஆறாம் வாதம்: “வீண் நம்பிக்கை”

இதற்கு எதிர்த்தரப்பு காட்டக்கூடிய நல்ல உதாரணத்தை நானே தருகிறேன். 2024இல் பெங்களூர் முதல் 8 ஆட்டங்களில் 7ஐத் தோற்றது. பிறகு தொடர்ச்சியாக 6 வெற்றி. மே 18ஆம் திகதி கடைசி லீக் ஆட்டத்தில் சென்னையை வெல்வது மட்டும் போதாது. 218 எடுத்துவிட்டு, சென்னையை 200க்குள் நிறுத்தவும் வேண்டியிருந்தது. கடைசி ஓவரில் சென்னைக்கு 17 ஓட்டம் கிடைத்தால் அடுத்த சுற்று. முதல் பந்தையே தோனி சிக்ஸருக்கு அனுப்பினார். அடுத்த பந்தில் யாஷ் தயாள் அவரை வீழ்த்தினார். சென்னை 191. பெங்களூர் உள்ளே. நான்கு நாள் கழித்து வெளியேற்றுப் போட்டியில் ராஜஸ்தானிடம் தோற்றுக் கிளம்பிவிட்டது.

அப்படியானால் அந்த ஆறு வெற்றிகளும் வீணா? கோப்பை ஒருவருக்குத்தான் கிடைக்கும். கிடைக்காத ஒன்பது அணிகளின் உழைப்பும் வீண் என்றால் விளையாட்டே வேண்டாம். நம்பிக்கை என்றால் கட்டாயம் வெல்வோம் என்ற உறுதி அல்ல. இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி, எத்தனை புள்ளி வேண்டும், யார் யாரிடம் தோற்க வேண்டும் என்று தாளில் எழுதிப் பார்த்து, வழி இருக்கிறது என்று கண்டபிறகு இறங்கி ஆடுவது. கணக்குப்படி வழி அடைபடும் நாளில் விட்டுவிடலாம். அதற்கு முன்னே விடுபவனைத்தான் நான் கேள்வி கேட்பேன்.

இந்தத் தீர்ப்பு நம் மலையில் மட்டும் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்று யோசித்தால், நாம் ஆடி வளர்ந்த முறை கண்ணில் படுகிறது. தோட்டத்து மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறையில் நடப்பவை. மைதானம் கிடைப்பது அருமை, விடுமுறை ஒருநாள், மழை எப்போது இறங்கும் என்று தெரியாது. ஆகவே ஒரு முறை தோற்றால் பையைக் கட்டிக்கொண்டு லொறியில் ஏற வேண்டும். பிழைப்பு நெருக்கடி வைத்த விதி அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த விதி நம் மனதுக்குள் போய், ஒரு முறை தோற்றவன் தோற்றவனே என்ற எண்ணமாக உட்கார்ந்துவிட்டது. அதே எண்ணத்தோடுதான் 14 ஆட்டப் பருவத்தையும் பார்க்கிறோம். அதே எண்ணத்தோடுதான் சாதாரண தரப் பரீட்சையில் முதல் தடவை தவறிய பிள்ளையையும் கொழும்புக் கடை வேலைக்கு அனுப்பிவிடுகிறோம், இரண்டாம் தடவை எழுதச் சட்டப்படி இடம் இருந்தும்.

ஆகவே தோட்டத்து விளையாட்டுக் கழகங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுப்போட்டியில் அணிகளை நான்கு நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம் கிடைக்கும். அதற்குப் பிறகு விலகல் முறையை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போதாவிட்டால் ஓவர்களைக் குறையுங்கள், ஆட்டங்களைக் குறைக்காதீர்கள். காலையில் தோற்ற கீழ்ப்பிரிவுப் பையன்கள் மத்தியானத்துக்குள் புள்ளிக் கணக்குப் போட்டு, தாங்கள் இன்னும் எத்தனை ஓட்டத்தில் வெல்ல வேண்டும் என்று கண்டுபிடித்து மறுபடி மட்டையோடு இறங்கட்டும். அவர்கள் கோப்பையை வெல்லாமல் போகலாம். முடியும்வரை முடியவில்லை என்பதை அவர்களே ஆடித் தெரிந்துகொள்வார்கள்.