அறுபது இடம், அறுபத்தொரு மாணவர்

ஒரு கல்லூரியில் பி.காம். வகுப்புக்கு 60 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டின்படி பிரித்தால் பொதுப்பிரிவுக்கு 31 விழுக்காடு, அதாவது 18.6 இடம். பிற்படுத்தப்பட்டோருக்கு 15.9, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2.1, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 12, பட்டியல் சாதியினருக்கு 10.8, பழங்குடியினருக்கு 0.6. அரைக்கு மேல் இருந்தால் அடுத்த முழு எண் என்று பள்ளிக் கணக்குப் போட்டால் 19, 16, 2, 12, 11, 1. கூட்டிப் பாருங்கள், 61 வருகிறது.

இல்லாத அந்த ஓர் இடத்தை யாரிடமிருந்து கழிப்பது? கையால் பட்டியல் போட்ட காலத்தில் முதல்வரும் சேர்க்கைக் குழுவும் அரசாணையை வைத்துக்கொண்டு பேசி முடித்தார்கள். கணினிக்கு அப்படிப் பேசத் தெரியாது. முன்கூட்டியே யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டும். விதியை யாரும் எழுதிக் கொடுக்காவிட்டால், எங்கோ உட்கார்ந்து நிரல் எழுதும் இளைஞர் ஒருவர் தனக்குத் தோன்றியதை எழுதிவிடுவார். முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதியில் அந்த 2.1 என்பது 2 ஆகிறதா 3 ஆகிறதா என்பது சின்ன விஷயமே இல்லை.

அதனால்தான் சேர்க்கைக்கான கணினி அமைப்பு விண்ணப்பப் படிவத்தின் அழகில் தொடங்கக் கூடாது என்கிறோம். முதலில் விதிகள் தாளில் எழுதப்பட வேண்டும்; பொறுப்புள்ளவர்கள் அதில் கையெழுத்திட வேண்டும். நிரல் அதன் பிறகு.

அடுத்தது, ஆளை அடையாளம் காண்பது. இந்த வேலூர் வட்டாரத்துக்காக 2002இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் ஷூ கம்பெனிகளிலும் தோல் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கிறார்கள். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். இனிஷியல் மதிப்பெண் பட்டியலில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும். பெயரை நம்பினால் ஒரே மாணவர் இரண்டு பேராகிவிடுவார். கைபேசி எண்ணையும் நம்ப முடியாது. வீட்டுக்கு ஒரே போன்; அக்காவும் தம்பியும் அதிலேயே விண்ணப்பிப்பார்கள், ஓடிபி வரும் நேரத்தில் அது அப்பாவோடு கம்பெனியில் இருக்கும். பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஏற்கெனவே எமிஸ் என்ற அடையாள எண் இருக்கிறது, கல்லூரியில் யுமிஸ் என்ற எண் தருகிறார்கள். இந்த இரண்டையும் கோத்துவிட்டால், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் புதுமைப்பெண் உதவித்தொகைத் திட்டத்துக்காக ஒரு மாணவி மறுபடி தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு தகவல் ஓரிடத்தில் மட்டுமே இருக்கட்டும், தேவைப்படுபவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம் புதிதல்ல. ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த தரவுத்தள முறையிலிருந்து வளர்ந்ததுதான் அது.

இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2020 முதல் அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையம் வழியாகப் பொதுவாக விண்ணப்பிக்கிறார்கள். ஆம்பூர் மாணவர் ஒருவர் அதில் குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியைக் கேட்டிருப்பார். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரிக்கும் வேலூர் ஊரிசு கல்லூரிக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டிருப்பார். மூன்றிலும் இடம் கிடைத்தால், அவர் முடிவெடுக்கும் வரை இரண்டு இடங்கள் வீணே முடங்கும். ஆகவே விண்ணப்பித்தவர், இடம் ஒதுக்கப்பட்டவர், கட்டணம் கட்டியவர், டி.சி. கொடுத்துச் சேர்ந்தவர், விலகியவர் என ஒவ்வொரு நிலையும் தேதியோடு பதிவாக வேண்டும். ஒருவர் விலகிய அன்றே காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குத் தகவல் போக வேண்டும். கடைசி இடத்துக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் பணம் கட்ட முனைந்தால், ஒருவர் முடிக்கும்வரை அமைப்பு மற்றவரை நிறுத்தி வைக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு இடமில்லை என்று சொல்வது கொடுமை.

நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் தமிழில், விதி எண்ணோடு, யாரிடம் முறையிடலாம் என்ற விவரத்தோடு கிடைக்க வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் உடனே திறந்துவிடக் கூடாது. சென்ற ஆண்டு ஏதாவது ஒரு கல்லூரிக்கு வந்த எல்லா விண்ணப்பங்களையும் அதில் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். கணினி தரும் பட்டியலையும் குழு அன்று ஒட்டிய பட்டியலையும் பக்கத்தில் வைத்து, வேறுபடும் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கண்டுபிடித்த பின்பே ஜூன் மாதச் சேர்க்கைக்கு அதைக் கொண்டுவர வேண்டும்.