ஆடாமல் நிற்பதா, சேர்ந்து ஆடுவதா?

"இசைத்தட்டா? அது தாத்தா காலத்துச் சங்கதி ஆயிற்றே!" என்று இக்கட்டுரையின் முதல் வரியிலேயே நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குறுந்தட்டு 1982-இல் கடைக்கு வந்தபோது உலகமும் அப்படித்தான் எண்ணிற்று. ஆனால் 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் விற்பனையான வினைல் இசைத்தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. 1987-க்குப் பிறகு அப்படி நிகழ்ந்தது அதுவே முதல் முறை. தட்டு திரும்பி வந்ததோடு, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளைப் பற்றிய பழைய வழக்கும் கூடவே திரும்பியிருக்கிறது. மோட்டார் காரின் விலைக்கு, ஏன், சில வேளைகளில் ஒரு வீட்டின் விலைக்கே டர்ன்டேபிள்கள் விற்கப்படுகின்றன. இது பணம் படைத்தோரின் பித்து என்பது ஒரு கட்சி. விலை ஏற ஏற இசையும் ஏறும் என்பது எதிர்க்கட்சி. இரு கட்சியினரும் பௌதிகத்தைக் கேளாமல் வழக்காடுகிறார்கள் என்பதே என் கருத்து.

டர்ன்டேபிள் செய்பவன் போராடுவது வேண்டாத அதிர்வோடுதான். அந்தப் பகைவனின் உருவத்தை முதலில் அளந்து பார்த்துவிடுவோம். 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று, நொடிக்கு 5 சென்டிமீட்டர் உச்ச வேகத்தில் தட்டில் வெட்டப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அது நன்றாகவே காதில் விழும் ஒலி. அப்போது வரிப்பள்ளம் தன் நடுக்கோட்டிலிருந்து விலகும் தூரம் சுமார் 8 மைக்ரான்தான். ஐயுறுவோர் வேகத்தை அதிர்வெண்ணின் 6.28 மடங்கால் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இனி, அதைவிட 60 டெசிபல் தாழ்ந்த மெல்லொலி ஒன்று, வீணையின் தந்தி அடங்கும்போது கடைசியாக மிஞ்சும் இழை போன்றது, எவ்வளவு விலகும்? அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.008 மைக்ரான். பச்சை ஒளியின் அலைநீளத்தில் இது ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு! இத்தனை நுண்ணிய அசைவை ஓர் ஊசி தடவி அறிந்து மின்சாரமாக்க வேண்டும். பக்கத்து அறையில் ஒருவர் நடந்தாலே தரை இதைவிடப் பன்மடங்கு அசைகிறது.

இதற்கு மேல் இரண்டு சங்கடங்கள் உண்டு. தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகன்று தட்டில் இடம் போதாது. ஆகவே வெட்டும்போது அவற்றைச் சுருக்கி, கேட்கும்போது பெருக்கிக்கொள்வது 1954 முதல் பரவிய நியதி. அதன்படி 20 ஹெர்ட்ஸ் ஒலி, 1000 ஹெர்ட்ஸ் ஒலியைக் காட்டிலும் சுமார் ஒன்பது மடங்கு பெருக்கப்படுகிறது. மோட்டாரின் உறுமலும் கட்டடத்தின் நடுக்கமும் குடியிருப்பது அந்தக் கீழ்க்கோடியில்தான். அவையும் இசையோடு சேர்ந்து பெருகிவிடுகின்றன. மற்றொன்று, 1957, 58 ஆண்டுகளில் வந்த இருதட ஒலித்தட்டு, அதாவது ஸ்டீரியோ. அதுவரை ஊசியின் பக்கவாட்டு அசைவு மட்டுமே ஒலியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஸ்டீரியோவில் பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகைச் சாய்வில் தனித்தனி ஒலியைத் தாங்குவதால், மேலும் கீழுமான அசைவும் ஒலியாகிவிட்டது. தரை ஆடுவது பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தானே! முன்னர் காதில் விழாதிருந்த குற்றங்களெல்லாம் திடீரென்று விழத் தொடங்கின.

இந்நிலையில்தான் எட்கர் வில்ச்சர் என்பவர் வருகிறார். கலைக் கல்லூரி நண்பர்கள் கவனிக்க: இவர் முதுகலைப் பட்டம் பெற்றது கலை வரலாற்றில்! மின்னணுவியலை இரண்டாம் உலகப் போரின்போது படையில் கற்றார். 1954-இல் ஹென்றி க்ளாஸ் என்பவருடன் சேர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1961-இல் அந்நிறுவனம் வெளியிட்ட டர்ன்டேபிளின் விலை 58 டாலர். விலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் கண்டுகொண்டது இதுதான். தட்டு ஆடுவதனால் மட்டும் கெடுதல் வருவதில்லை. ஊசிக்கை ஆடுவதனாலும் வருவதில்லை. இரண்டும் வேறு வேறாக ஆடுவதனாலேயே வருகிறது. ஆற்றில் செல்லும் பரிசலில் எதிரெதிரே அமர்ந்த இருவர், பரிசல் எப்படி ஆடினாலும் வெற்றிலையைக் கைமாற்றிக்கொள்வார்கள். ஒருவர் பரிசலிலும் மற்றவர் கரையிலும் நின்றால் வெற்றிலை ஆற்றோடு போகும். வில்ச்சர் சுழல்தட்டின் தாங்கியையும் ஊசிக்கையையும் விறைப்பான ஒரே உலோகச் சட்டத்தில் பொருத்தினார். அந்தச் சட்டத்தை மூன்று சுருள்விற்களில் தொங்கவிட்டார். மோட்டாரை மட்டும் அந்தச் சட்டத்தில் சேர்க்காமல் அடிப்பெட்டியின் மேற்பலகையில் தனியே வைத்தார். மோட்டாருக்கும் சுழல்தட்டுக்கும் இடையே இருந்த உறவு ஒரு ரப்பர் பெல்ட் மாத்திரமே. தட்டு பாடிக்கொண்டிருக்கையில் அடிப்பெட்டியைச் சுத்தியால் தட்டிக் காட்டினார்கள், ஊசி துள்ளவில்லை.

சுருள்வில்லின் கணக்கு நம் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கக்கூடியதே. பாரம் ஏற்றும்போது வில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 5 ஹெர்ட்ஸ். இறக்கம் 2.5 மில்லிமீட்டர் மட்டுமானால் 10 ஹெர்ட்ஸ். எடை எவ்வளவு என்பது இதில் வரவேயில்லை. இறக்கம் எவ்வளவு என்பதே கேள்வி. 5 ஹெர்ட்ஸ் வில்லின் வழியாக 25 ஹெர்ட்ஸ் அதிர்வு ஏறினால், அதில் இருபத்து நான்கில் ஒரு பங்கே மேலே சேரும். ஆனால் அதே 5 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு வந்தாலோ, வில் அதைத் தடுப்பதற்கு மாறாகப் பெருக்கியே கொடுக்கும். இந்த ஒத்ததிர்வை எங்கே ஒளித்துவைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் மதி இருக்கிறது. இசை 20 ஹெர்ட்ஸுக்கு மேலே. ஊசிக்கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த ஒத்ததிர்வு 8 முதல் 12-க்குள் இருக்கவேண்டும் என்பர். சுருள்வில்லை அதற்கும் கீழே, 3 முதல் 5-க்குள் அமர்த்துகிறார்கள். மரத்தளம் பாவிய வீடுகளில் காலடி அதிர்வும் அந்த எல்லைக்கே இறங்கிவரும் என்பது இம்முறையின் பலவீனம். யாரேனும் நடந்தால் சட்டம் ஊஞ்சலாடும். அதற்கு மருந்து இன்னும் விலையுயர்ந்த டர்ன்டேபிள் அல்ல. சுவரில் அறைந்த ஒரு பலகை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1972-இல் பிறந்த லின் சோண்டெக் எல்.பி.12, இதே மூன்று சுருள்வில் வழியை மேற்கொண்டு, தாங்கியையும் சட்டத்தையும் இன்னும் துல்லியமாகச் செய்தது. அரை நூற்றாண்டு கடந்து இன்றும் அது உற்பத்தியாகிறது. இங்கிலாந்தின் ரேகா நிறுவனம் நேர் எதிரான கொள்கையுடையது: எடை கூடினால் அதிர்வைச் சேமித்து வைத்துப் பிறகு திருப்பிக் கொடுக்கும், ஆகையால் எல்லாம் இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கட்டும் என்பது. 2018-இல் வந்த அதன் பிளேனார் 8-இன் உடல், விமானத் தொழிலுக்காக உருவாக்கப்பட்ட நுரைப்பொருளால் ஆனது. எடையைக் கொண்டாடும் பெருங்கூட்டமும் ஒன்றுண்டு. ஜெர்மனியின் க்ளியர்ஆடியோ நிறுவனத்து ஸ்டேட்மென்ட் என்னும் டர்ன்டேபிளின் எடை சுமார் 350 கிலோ!

எடைக் கட்சியை நான் முற்றாக மறுக்கவில்லை. ஊசி பள்ளத்தைத் தடவும்போது ஊசியே தட்டையும் ஊசிக்கையையும் நடுங்கச் செய்கிறது. வெளியிலிருந்து வராத இந்த அதிர்வைச் சுருள்வில் ஒன்றும் செய்ய முடியாது. பாரமான சுழல்தட்டும், தட்டை அதோடு இறுக அணைக்கும் ஏற்பாடும் அதை வாங்கிக் கரைத்துவிட உதவும். ஜப்பானிய டெக்டாஸ் நிறுவனத்தின் ஏர் ஃபோர்ஸ் ஒன், காற்றை உறிஞ்சித் தட்டைக் கீழே ஒட்டவைப்பது இதற்காகவே. ஆனால் தரையிலிருந்து ஏறும் அதிர்வுக்கு எடை ஒன்றே விடையாகாது. எத்தனை கிலோவானாலும் விறைப்பான கால்களில் நிறுத்தினால், தரை மெல்ல ஆடும்போது அதுவும் சேர்ந்து ஆடத்தான் செய்யும். கோயில் தேர் கனமானதுதான்; வீதியின் மேடுபள்ளம் அதன் உச்சிக் கலசம் வரை தெரியவில்லையா?

பெல்ட்டே இல்லாமல், மோட்டாரின் அச்சிலேயே தட்டைச் சுழற்றும் முறையை ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் எஸ்.பி.10 என்ற பெயரில் 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டாரின் நடுக்கம் நேரே தட்டில் ஏறிவிடாதா என்று பெல்ட் கட்சியினர் கேட்டனர். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மோட்டார் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்கு மேல் ஓடவேண்டியதில்லை. அடிப்படையான சுழற்சி நொடிக்கு ஒரு முறைக்கும் குறைவு. காதுக்கு எட்டாத தாழ்வு. அவ்வழியில் 1979-இல் வந்த எஸ்.எல்.1200 எம்.கே.2-க்கு, டி.ஐ.என். பி என்ற ஜெர்மானிய அளவுமுறைப்படி உறுமல் 78 டெசிபல் கீழே என்று குறிப்பேட்டில் அச்சிட்டார்கள். தட்டின் சொந்த இரைச்சலே அதைவிட உயரத்தில் நிற்கும். அடியில் தடித்த ரப்பர் உடலை வைத்து அவர்கள் செய்த அந்தப் பொறி, ஒலிபெருக்கிகள் இடியாய் முழங்கும் நடனக்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அதிர்வுக்கு அதைவிடக் கடுமையான தேர்வுக்கூடம் உண்டா?

இங்கேதான் என் மனக்குறையைச் சொல்ல வேண்டும். எஸ்.எல்.1200-இன் எண் அச்சில் இருந்தது. வாங்குபவன் அதைப் பிறவற்றோடு ஒப்பிட முடிந்தது. இன்று வெளிவரும் விலையுயர்ந்த டர்ன்டேபிள்களின் அழகிய குறிப்பேடுகள் பலவற்றில் உலோகத்தின் பெயரும், மெருகின் பெயரும், எடையும் பக்கம் பக்கமாக வருகின்றன. தரையில் இத்தனை ஹெர்ட்ஸில் இவ்வளவு அதிர்வு இருந்தால் ஊசியில் எவ்வளவு சேரும் என்ற வரைபடம் வருவதில்லை. அளக்க இயலாததா அது? பணம் உண்மையாகவே எதையேனும் வாங்கித்தருகிறதென்றால், தாங்கியின் கடைசல் துல்லியத்தைச் சொல்வேன். மைக்ரான் கணக்கில் இடைவெளி குறைத்துக் கடைவது மலிவான வேலையன்று. அதற்குக் கொடுக்கும் விலை நியாயம். தங்க முலாமுக்குக் கொடுப்பது வேறு. 58 டாலருக்கு விடை கண்ட கேள்விக்கே ஆயிரம் மடங்கு விலை கேட்பவர், குறைந்தபட்சம் அந்த ஒரு வரைபடத்தையாவது காட்டக் கடமைப்பட்டவர்.

அதுவரை, கையில் டர்ன்டேபிள் உள்ளவர்கள் தாமே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தட்டைச் சுழலவிடாமல் நிறுத்தி, ஊசியைப் பள்ளத்தில் மெல்ல இறக்குங்கள். ஒலியை வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு உயர்த்துங்கள். இப்போது மேசையை விரல் நுனியால் ஒரு முறை தட்டுங்கள். பிறகு அடிப்பெட்டியை, பிறகு பக்கத்தில் தரையைக் காலால். ஒலிபெருக்கியில் 'டொக்' என்று வறண்டு உடனே அடங்கினால் கவலையில்லை. 'டும்ம்ம்' என்று இழுத்தால், அந்த இழுப்பு நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது. இழுத்துக்கொண்டே பெருகினால் உடனே ஒலியைக் குறையுங்கள். ஒலிபெருக்கி ஊசியை ஆட்டவும் ஊசி ஒலிபெருக்கியை ஆட்டவும் தொடங்கிவிட்டன. பலகையை எந்தச் சுவரில் அறையலாம் என்று பாருங்கள்.